அழுத்திப் பார்த்தால்தான் ஸ்கேன்: பித்தப்பை அழற்சியும் அல்ட்ராசவுண்டும்

ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று யோசித்த முன்னோடிகள் தேடிய பொருள்களில் பித்தக்கல்லும் ஒன்று. அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருந்த கடற்படை மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஜார்ஜ் லட்விக் என்ற மருத்துவரும் பிரான்சிஸ் ஸ்ட்ரதர்ஸும், மனிதர்களிடமிருந்து எடுத்த பித்தக்கற்களை நாய்களின் தசைக்குள் வைத்து, ஒலியால் அவற்றைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். முடிந்தது. 1949இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அந்தத் தேடலையொட்டி லட்விக் அளந்து சொன்ன ஓர் எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மென்திசுக்களில் ஒலி சராசரியாக நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இன்றைக்குத் திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ ஒரு ஸ்கேன் சென்டரில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியும் இந்த எண்ணை வைத்துத்தான் எதிரொலி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்கிடுகிறது.

கல்லைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்தக் கல்லால் பித்தப்பையில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலையில் அல்ட்ராசவுண்ட்தான் இன்றும் முதல் தேர்வு. இரண்டாவதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. அழற்சி உள்ள ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவரை ஸ்கேன் தவறவிடுகிறது என்று பெரிய தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. அதே கருவியும் அதே ஒலியும் இருக்க, இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? ஆய்வுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பதில் இது: கருவியின் கண்ணில் உள்ள குறை சிறியது. படத்தை நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்து, படத்தை மட்டும் படிக்கும் பழக்கத்தால் வரும் குறைதான் பெரியது.

நோயின் நடையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். பித்தப்பை கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு பை. நீளம் 7 முதல் 10 செ.மீ., கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. கல்லீரல் சுரக்கும் பித்தநீரை வாங்கி, அதிலுள்ள நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்து சேர்ந்ததும் சுருங்கி அதை வெளியேற்றும். பையின் கழுத்திலோ அடுத்துள்ள குறுகிய நாளத்திலோ கல் வந்து அடைத்தால், சுருங்கும்போது வலிக்கிறது. கல் நழுவிவிட்டால் சில மணி நேரத்தில் வலி அடங்கிவிடும். பிரியாணி சாப்பிட்ட இரவில் வந்து விடிவதற்குள் போய்விடும் அந்த வலியைத்தான் பலர் ‘கேஸ் டிரபிள்’ என்று மாத்திரை போட்டுக் கடத்திவிடுகிறார்கள். கல் நகராமல் நின்றுவிட்டால் கதை மாறுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, சுவர் வீங்குகிறது. தேங்கிய பித்தநீரே சுவரைப் புண்ணாக்குகிறது. கிருமிகள் பெரும்பாலும் பிறகுதான் வந்து சேர்கின்றன. வீக்கம் மிஞ்சினால் சுவருக்குப் போகும் ரத்தம் குறைந்து, திசு அழுகி, பையில் ஓட்டை விழும். திடீர் பித்தப்பை அழற்சியில் 100க்கு 90 பேருக்கு மேல் காரணம் இப்படி அடைத்துக்கொண்ட கல்தான்.

எனவே இந்த நோயில் தாமதத்துக்கு விலை உண்டு. 618 நோயாளிகளைச் சேர்த்து ஜெர்மனியை மையமாகக் கொண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2013இல் வந்தது. மருத்துவமனைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட்டவர்களில் 11.8 சதவீதம் பேருக்குச் சிக்கல் ஏற்பட்டது. ஆன்டிபயாடிக் கொடுத்து ஆறவைத்து, சில வாரங்கள் கழித்து அறுவை செய்தவர்களில் அது 34.4 சதவீதம். “முதலில் வீக்கம் வற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரையை இந்த எண்கள் அசைத்துவிட்டன. முதல் நாளிலேயே அறுவைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், முதல் நாளிலேயே நோய் எது என்று தெரிந்தாக வேண்டும்.

அல்ட்ராசவுண்டுக்கு முன்பு இது எளிதாக இருக்கவில்லை. 1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எவர்ட்ஸ் கிரஹாம், வாரன் கோல் என்ற இருவர், பித்தநீரோடு கலந்து வெளியேறும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் பித்தப்பையைத் தெரியவைத்தார்கள். பின்னாளில் அது மாத்திரை வடிவம் பெற்று, சுமார் 50 ஆண்டுகள் கோலோச்சியது. ஆனால் முதல் நாள் இரவு மாத்திரை விழுங்கி மறுநாள் படமெடுக்கும் முறை, வாந்தியோடும் காய்ச்சலோடும் துடித்துக்கொண்டு வருபவருக்கு ஒத்துவராது. சாதாரண எக்ஸ்ரேயிலோ பித்தக்கற்களில் 10 முதல் 20 சதவீதம்தான் தெரியும். 1970களில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் வந்ததும், சில ஆண்டுகளிலேயே மாத்திரை முறை ஓரங்கட்டப்பட்டது. கல் கொழுப்பால் ஆனதா, தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நிறமிக் கல்லா என்பது பற்றி ஒலிக்குக் கவலையில்லை. இரண்டும் எதிரொலிக்கும், இரண்டின் பின்னாலும் கறுப்பு நிழல் விழும்.

ஸ்கேன் அறைக்குள் நடப்பதை இப்போது பார்ப்போம். நோயாளி ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் பை நிரம்பியிருக்கும், நன்றாகத் தெரியும். அவசர நிலையில் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. அழற்சி உண்மையாக இருந்தால் கழுத்து அடைபட்ட பை சாப்பிட்டாலும் சுருங்காது. மல்லாந்து படுக்கவைத்து ஒரு முறை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரு முறை, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு முறை பார்க்க வேண்டும். புரண்டு படுக்கும்போது கல் உருண்டால் அது அடைத்த கல் அல்ல. எப்படிப் புரண்டாலும் கழுத்திலேயே நின்றால் அதுதான் வில்லன். கழுத்தில் மாட்டிய கல்லைச் சுற்றிப் பித்தநீர் இருக்காது, பக்கத்திலேயே குடலின் காற்று வேறு நிழல் போடும். அதனால் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்பும் கல்லும் அதுதான். நோயாளியைப் புரட்டிப் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் ஸ்கேனில் இந்தக் கல் தப்பிவிடும்.

கல்லைத் தவிர வேறு தடயங்களும் உண்டு. சுவரின் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போவது, பை உப்பி நீளம் 8 செ.மீ.யையும் குறுக்களவு 4 செ.மீ.யையும் தாண்டுவது, பையைச் சுற்றி மெல்லிய கோடாக நீர் கட்டுவது, உள்ளே சேறுபோலக் கசடு படிவது, டாப்ளரில் சுவரில் ரத்த ஓட்டம் மிகுந்து தெரிவது. சுவரை அளப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. வயிற்றின்மேல் வைக்கும் கருவி முனையான புரோபுக்கு அருகிலுள்ள முன்சுவரை, கல்லீரலை ஒட்டிய இடத்தில், நேர்குத்தாக அளக்க வேண்டும். சாய்வாக அளந்தால் இல்லாத தடிப்பு வந்துவிடும். பின்சுவரை அளந்தால் குடலின் சுவரும் சேர்ந்துகொள்ளும். அரை மில்லிமீட்டர் ஏமாற்றம் ஒரு மனிதரை அறுவை அரங்குக்கு அனுப்பவும் போதும், அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் போதும்.

இத்தனை தடயங்களிலும் படத்தில் பதியாத ஒன்று இருக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது அது. வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை ஊன்றி, நோயாளியை மூச்சை இழுக்கச் சொன்னால், இறங்கிவரும் பித்தப்பை விரலில் இடித்ததும் வலியால் மூச்சு பாதியில் நின்றுவிடும். இதையே ஸ்கேன் அறையில் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். விரல் குருட்டுத்தனமாக அழுத்துகிறது. புரோபோ பித்தப்பையைத் திரையில் பார்த்துக்கொண்டே அதன் தலைமேல் அழுத்துகிறது. வயிற்றில் வேறெங்கு அழுத்துவதையும்விட அந்த ஓர் இடத்தில்தான் வலி உச்சம் என்றால், அல்ட்ராசவுண்ட் மர்ஃபி அறிகுறி இருப்பதாகப் பொருள்.

ஆய்வுலகில் இந்த அறிகுறி பட்ட பாடு கொஞ்சமல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிப் ரால்ஸ் குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சி இல்லாதவர்களில் ஏறக்குறைய 94 சதவீதம் பேரை இந்த அறிகுறி சரியாக ‘இல்லை’ என்று ஒதுக்கியது. நோய் உள்ளவர்களில் 63 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது என்றாலும், பிடித்தவரை நம்பலாம் என்று ஆனது. 1995இல் ராபர்ட் ப்ரீ வெளியிட்ட ஆய்வில் இது தலைகீழானது. நோய் உள்ளவர்களில் 86 சதவீதம் பேரைப் பிடித்தது, ஆனால் நோய் இல்லாதவர்களில் 35 சதவீதம் பேரை மட்டுமே சரியாக ஒதுக்கியது. ஒரே அறிகுறிக்கு ஓரிடத்தில் 94, மற்றோரிடத்தில் 35. பாடநூல்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நகர்ந்துவிடக் கூடாத இடம் இது என்று நினைக்கிறேன். வலி என்பது நோயாளி சொல்வது. எங்கே அழுத்துகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம், வேறிடத்தில் அழுத்தி ஒப்பிட்டோமா, “இங்கே வலிக்கிறதா?” என்று ஆவலோடு கேட்டு ‘ஆமாம்’ வாங்கினோமா என்பதைப் பொறுத்து எண் மாறும். மேல்வயிறு முழுக்க வலிக்கும் ஒருவருக்குப் பித்தப்பைமேல் அழுத்தினாலும் வலிக்கத்தான் செய்யும். ரால்ஸின் வரையறையில் ‘உச்ச வலி’ என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனை தளர்ந்தால் அறிகுறியும் தளர்ந்துவிடும். கல்லீரலில் சீழ்க்கட்டி இருந்தாலும் அதே இடத்தில் வலிக்கும் என்பதையும் நம் ஊரில் மறக்க முடியாது.

வலி நிவாரணி கொடுத்தால் மர்ஃபி அறிகுறி மறைந்துவிடும் என்று பயந்து, ஸ்கேன் முடியும்வரை ஊசி போடாமல் நோயாளியைத் துடிக்கவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு ஆதாரம் போதாது, மனிதாபிமானமும் இல்லை. மருந்துக்குப் பிறகும் அழற்சியுள்ள பித்தப்பை அழுத்தினால் பெரும்பாலும் வலியைக் காட்டும். அப்படிக் காட்டாவிட்டால், ஊசி போட்டிருப்பதை ஸ்கேன் பார்ப்பவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தனித்தனியாகப் பலவீனமான இந்தத் தடயங்கள் ஒன்று சேரும்போது வலுப்பெறுகின்றன. ரால்ஸ் குழு 1985இல் 497 நோயாளிகளை வைத்து இதை நிறுவியது. கல்லும் மர்ஃபி அறிகுறியும் சேர்ந்திருந்தால் 100க்கு 92 பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. கல்லும் சுவர்த்தடிப்பும் சேர்ந்திருந்தால் 95 பேருக்கு. மாறாக, கல்லும் இல்லை, அந்த இடத்தில் வலியும் இல்லை என்றால் 95 பேருக்கு நோய் இல்லை. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. சிக்கலான கருவி எதையும் அது கேட்கவில்லை, இரண்டு தடயங்களைச் சேர்த்துப் பார்க்க மட்டும் சொன்னது.

ஜப்பானில் கூடிய பன்னாட்டு மருத்துவர்கள் 2007இல் வகுத்து, 2013இலும் 2018இலும் திருத்திய டோக்கியோ வழிகாட்டுதல்களிலும் இந்தச் சேர்க்கைதான் சட்டமாகியிருக்கிறது. மர்ஃபி அறிகுறியோ வலது மேல்வயிற்று வலியோ கட்டியோ ஒன்று வேண்டும். காய்ச்சல், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யின் உயர்வு, வெள்ளணு மாற்றம் இவற்றில் ஒன்று வேண்டும். இரண்டும் இருந்தால் சந்தேகம். இவற்றோடு ஸ்கேன் படமும் ஒத்துப்போனால்தான் உறுதி. படம் மட்டும் தனியாக நின்று நோயை உறுதிப்படுத்த இந்த விதியில் இடமே இல்லை.

நம் ஊரில் இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு டெங்குவைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. டெங்குவில் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. கசியும் நீர் பித்தப்பைச் சுவரில் தேங்கி அதைத் தடிக்கவைக்கிறது. சிலருக்கு அது தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். பையைச் சுற்றியும் நீர் நிற்கும். சென்னை மருத்துவர்கள் 2005இல் பிரிட்டிஷ் கதிரியக்க இதழில் எழுதிய கட்டுரை, காய்ச்சலின் தொடக்க நாள்களிலேயே இந்தத் தடிப்பைப் பார்க்கலாம் என்று காட்டியது. டெங்கு நோயாளிக்கும் வயிறு வலிக்கும், வாந்தி வரும், கல்லீரல் வீங்கியிருப்பதால் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினால் நோகும். வயிற்று வலியும் விடாத வாந்தியும் உலகச் சுகாதார நிறுவனம் டெங்குவுக்கு வகுத்த அபாய அறிகுறிகளிலேயே இருக்கின்றன. அக்டோபர், நவம்பர் மழையில் காய்ச்சலோடு வருபவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் “பித்தப்பைச் சுவர் தடித்துள்ளது, சுற்றிலும் நீர், கல்லில்லாத பித்தப்பை அழற்சியாக இருக்கலாம்” என்று ஒரு வரி வந்துவிட்டால், அதை மட்டும் பார்க்கும் அறுவை மருத்துவருக்குக் கை அரிக்கும். தட்டணுக்கள் சரிந்திருக்கும் உடலில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது.

பிரித்தறிய வழி இருக்கிறது, விலை உயர்ந்த சோதனை எதுவும் வேண்டாம். பித்தப்பை அழற்சியில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஏறும், டெங்குவில் இறங்கும். அழற்சியில் கழுத்து அடைபட்டிருப்பதால் பை உப்பி இறுகியிருக்கும். வேறு நோயால் சுவர் வீங்கும்போது பை பெரும்பாலும் தளர்ந்தோ சுருங்கியோ இருக்கும். டெங்குவில் நுரையீரல் உறையிலும் வயிற்றிலும் நீர் சேர்ந்திருக்கும். அதே புரோபை இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினால் அதைப் பார்த்துவிடலாம். சில நாள்களில் மறுபடி பார்த்தால் டெங்குவின் தடிப்பு தானாகவே மறைந்திருக்கும். சுவரைத் தடிக்கவைக்கும் நோய்கள் வேறும் உண்டு: மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ் நோய், கல்லீரல் சுருக்கம், இதயம் தளர்வது, சிறுநீரகம் செயலிழப்பது, ரத்தத்தில் ஆல்புமின் குறைவது. சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தாலே சுருங்கிய பையின் சுவர் தடிப்பாகத் தெரியும். சுவர்த்தடிப்பு என்ற ஒரே வரியை வைத்துப் பித்தப்பை அழற்சி என்று சொல்வது ஆதாரமற்ற ஊகம்.

இனி எண்கள். 1994இல் ஷே குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அழற்சி உள்ளவர்களில் 88 சதவீதம் பேரை அல்ட்ராசவுண்ட் பிடிப்பதாகவும், இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக ஒதுக்குவதாகவும் கணக்கிட்டார்கள். 2012இல் நெதர்லாந்தின் கீவியட் குழுவினர் 57 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். இம்முறை 81, 83. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் எவ்வளவோ மேம்பட்டிருந்தும், பிடிக்கும் திறன் கூடவில்லை. படத்தின் கூர்மையால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்த எண்களுக்குள் ஒரு கோணலும் இருக்கிறது. அழற்சி உண்மையா என்று கடைசியாகத் தீர்ப்பளிப்பது அறுத்தெடுத்த பையை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர். ஸ்கேனில் நோய் தெரிந்தவர்களே பெரும்பாலும் அறுவைக்குப் போகிறார்கள். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேரின் நோய் தவறவிடப்பட்டது என்பது கணக்கில் ஏறுவதில்லை. ஷே குழு இந்தக் கோணலைச் சரிசெய்தபோது, கல்லைக் கண்டுபிடிக்கும் திறனே 97இலிருந்து 84 சதவீதத்துக்கு இறங்கியது. ‘கல் இருந்தால் ஸ்கேனில் தெரியாமல் போகாது’ என்று நோயாளிக்குச் சத்தியம் செய்துகொடுப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

எண்களில் முதலிடம் ஹிடா ஸ்கேனுக்கு. டெக்னீசியம் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் செலுத்தி, அது கல்லீரல் வழியாகப் பித்தப்பைக்குள் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழையாவிட்டால் கழுத்து அடைபட்டிருக்கிறது. கீவியட் தொகுப்பில் இதற்கு 96, 90. அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே என்று தோன்றும். நம்மிடம் அணு மருத்துவப் பிரிவு பெரிய நகரங்களோடு நின்றுவிடுகிறது. சோதனை மணிக்கணக்கில் நீளும், கதிரியக்கம் உண்டு, கல்லீரலையும் பித்தநீர் செல்லும் பாதையையும் தவிர வேறொன்றையும் அது காட்டாது. பல நாள் பட்டினி கிடந்து, ரத்தக் குழாய் வழியாக உணவு ஏறும் தீவிர சிகிச்சை நோயாளிக்கு, பை ஏற்கெனவே கசடால் நிரம்பியிருப்பதால் அடைப்பு இல்லாமலே மருந்து நுழையாது. எந்த நோயாளிக்கு இது அதிகம் தேவையோ அவரிடமே இது தடுமாறுகிறது.

சி.டி. ஸ்கேனை இப்போது பல மருத்துவமனைகள் வயிற்று வலிக்கு முதல் சோதனையாகவே எடுக்கின்றன. அழுகல், ஓட்டை, சீழ், சுவருக்குள் காற்று ஆகியவற்றில் அது அல்ட்ராசவுண்டைவிட மேல். ஆனால் பித்தநீரின் அடர்த்தியே கொண்ட கொழுப்புக் கற்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. சி.டி.யில் கல் இல்லை என்று வந்த ரிப்போர்ட் கல்லை மறுக்கும் சான்றாகாது. எம்.ஆர்.ஐ. பொதுப் பித்தக்குழாயில் இறங்கிவிட்ட கல்லைக் காட்டுவதில் சிறப்பு. அந்தக் குழாயின் கீழ்ப்பகுதி குடலின் காற்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அல்ட்ராசவுண்ட் அங்கே பலவீனம். குழாய் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருக்கிறதா என்று பார்த்து எச்சரிக்கை கொடுப்பதோடு அது நின்றுகொள்ளும்.

அல்ட்ராசவுண்ட் ஏமாற்றும் இடங்களில் மிகக் கொடியது, நோய் முற்றிய இடம்தான். சுவர் அழுகும்போது அதிலுள்ள நரம்புகளும் செத்துவிடுகின்றன. அப்போது அழுத்தினாலும் வலிக்காது. 1989இல் வந்த ஓர் ஆய்வில், அழுகிப்போன பித்தப்பை கொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் மர்ஃபி அறிகுறி இருந்தது. நேற்றுவரை கத்திக்கொண்டிருந்தவர் இன்று அமைதியாகப் படுத்திருந்தால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவர் அடுக்கடுக்காகக் கிழிந்து தெரிவதும், உள்ளே மெல்லிய சவ்வுகள் மிதப்பதும் அழுகலின் அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களிடம், குறிப்பாக வயதான ஆண்களிடம், காற்றை உண்டாக்கும் கிருமிகள் சுவருக்குள் புகுந்துவிடுவது உண்டு. திரையில் அது பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும் அதன் கீழே அழுக்கு நிழலாகவும் தெரியும். அனுபவம் இல்லாத கண் அதைக் குடல் காற்று என்று நினைத்து, பித்தப்பை சரியாகத் தெரியவில்லை என்று எழுதிவிடும். நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் ‘பித்தப்பை தெரியவில்லை’ என்ற வரியோடு ஒரு ரிப்போர்ட் முடிந்துவிடக் கூடாது. அடுத்து சி.டி. எடுத்தாக வேண்டும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. பித்தக்கல் உள்ள 100 பேரில் சுமார் 80 பேருக்கு வாழ்நாள் முழுக்க அதனால் ஒரு தொந்தரவும் வருவதில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்த கல்லைக் காட்டி, அல்சர் வலிக்கும் இதய வலிக்கும்கூடப் பித்தப்பையைக் குற்றவாளியாக்குவது எளிது. கல் இருப்பதாலேயே வலி கல்லால்தான் வந்தது என்று ஆகிவிடாது. அந்தத் தொடர்பை நிறுவுவதும் பித்தப்பைமேல் புரோபை வைத்து அழுத்திப் பார்க்கும் அந்தக் கைதான்.

யார் பார்ப்பது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரே படுக்கையருகில் ஸ்கேன் செய்தால் போதுமா என்று அமெரிக்காவில் 164 நோயாளிகளிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். அவசர மருத்துவர்கள் நோய் உள்ளவர்களில் 87 சதவீதம் பேரைப் பிடித்தார்கள், கதிரியக்கத் துறை 83 சதவீதம். நோய் இல்லாதவர்களை ஒதுக்கியது முறையே 82, 86. கிட்டத்தட்ட சமம். அவசர மருத்துவரின் கை ரேடியாலஜிஸ்டின் கையைவிடத் தேர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வலி எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, ரத்தச் சோதனையில் என்ன வந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கதையோடு அவர் அழுத்துகிறார்.

இந்தியாவில் இதை அப்படியே பின்பற்ற முடியவில்லை. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் அது இருக்கும் இடமும் அதை இயக்குபவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கையடக்கக் கருவியை நினைத்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, தேவையும் தீர்ந்துவிடவில்லை. அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் இதன் விளைவாக, நம் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் ஓரிடத்திலும், ஸ்கேன் பார்ப்பவர் வேறிடத்திலும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெரும்பாலும் “வயிறு ஸ்கேன்” என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கும். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் அறையில் அந்த இரண்டு சொற்களைப் பார்க்கும் சோனாலஜிஸ்ட், கல்லீரல் முதல் சிறுநீர்ப்பை வரை வரிசையாகப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அழுத்திப் பார்க்க அவருக்கு ஏது காரணம்?

சீட்டில் இன்னும் ஒரு வரியைச் சேர்க்க நேரம் ஆகாது: “வலது மேல்வயிற்று வலி இரண்டு நாள், காய்ச்சல், வெள்ளணு 16,000, வலி ஊசி போடப்பட்டுள்ளது, பித்தப்பை அழற்சியா?” திரும்பி வரும் ரிப்போர்ட்டிலும் அதற்கு நிகரான பதில்கள் இருக்க வேண்டும். கல் உண்டா, கழுத்தில் நகராமல் நிற்கிறதா, சுவர் எத்தனை மி.மீ., பை உப்பியிருக்கிறதா, சுற்றிலும் நீர் உண்டா, பொதுக்குழாய் எத்தனை மி.மீ., பித்தப்பைமேல் அழுத்தியபோது வலி உச்சமா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டை, முடிக்கப்படாத பரிசோதனை என்று திருப்பி அனுப்பும் உரிமை அறுவை மருத்துவருக்கு வேண்டும் என்பேன்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு நோயாளியால் பதில் சொல்லவே முடியாத இடம் ஒன்று உண்டு. தீக்காயம், பெரிய விபத்து, இதய அறுவை, பல நாள் வென்டிலேட்டர் இவற்றுக்கு நடுவே கல்லே இல்லாமல் பித்தப்பையில் அழற்சி வருகிறது. மொத்த அழற்சியில் அது 5 முதல் 10 சதவீதம்தான், ஆனால் சாவு அதில் அதிகம். மயக்கத்தில் இருப்பவரிடம் மர்ஃபி அறிகுறியைக் கேட்க முடியாது. அவருக்கு ஆல்புமின் குறைந்து சுவர் வேறு காரணத்தாலேயே தடித்திருக்கும், பட்டினியால் பையும் உப்பியிருக்கும். ஒரே ஒரு ஸ்கேன் இங்கே எதையும் தீர்மானிக்காது. நாள்தோறும் அதே படுக்கையில், முடிந்தால் அதே மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்த்து, நேற்றைய 4 மி.மீ. இன்று 7 ஆகிறதா, புதிதாக நீர் கட்டுகிறதா என்று ஒப்பிட வேண்டும். மாற்றம் தெரிந்தால் அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே விலா வழியாக ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வைத்துச் சீழை வடிக்கலாம். 1980 முதல் நடப்பில் உள்ள வழி இது. கல்லால் அழற்சி வந்து, அறுவையைத் தாங்க முடிகிற நோயாளிக்கு இந்தக் குறுக்கு வழி நல்லதல்ல என்று 2018இல் நெதர்லாந்தில் நடந்த சோதனை காட்டிவிட்டது: ஆபத்து மிகுந்த நோயாளிகளிலும் குழாய் வைத்தவர்களில் 65 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல், நுண்துளை அறுவையில் 12 சதவீதம். அறுவை மேசைவரை கொண்டுபோகவே முடியாத நிலையில் இருப்பவருக்கு மட்டும் குழாய் இன்றும் உயிர் காக்கிறது. அந்தக் குழாய் எந்த நாளில், எந்த மணியில் போக வேண்டும் என்பதைப் படுக்கையருகே மறுபடியும் மறுபடியும் வைக்கப்படும் புரோப்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.